வீரணன் முனை

வீரணன் உயிரோடு இருந்தார். சிக்கலே அதுதான்.

சமையலறை மேசைமுன் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையில் குரங்குக் குல்லாய். தோலைப் போடப் பாத்திரம் தேடச் சோம்பல்பட்டு, வண்டி ஓட்டும் ஹெல்மெட்டை மல்லாத்தி மடியில் வைத்திருந்தார். எதிர்ச் சுவரில், கதவு அகலத்துக்கு ஒரு திரை. அதில் அண்டார்டிகாவில் அவர்கள் முகாமிட்டிருந்த கரை முழுவதும் நீலமும் வெள்ளையுமாக ஒளிர்ந்தது. நேற்றுவரை வெறும் ‘பதினேழாம் முனை’ என்றிருந்த கறுப்புப் பாறையின்மேல், இன்று காலை முதல் புதிதாக இரண்டு சொற்கள்.

வீரணன் முனை.

“எங்க ஊர்ல ஒரு முட்டுச்சந்துக்குக்கூட எம்பேர வைக்க மாட்டாய்ங்க,” என்றார் வீரணன். “இங்கன ஒரு மலைக்கே வச்சுட்டாய்ங்க.”

“மலை இல்ல அண்ணாச்சி, முனை,” என்றான் ரேடியோக்காரன் லூர்து. தூத்துக்குடிக்காரன். “அதுலயும் பாதி பனி. நல்லா வெயில் அடிச்சா உங்க பேரு ஒழுகிரும்.”

வீரணன் சிரித்தார். அவர் மகள் செவ்வந்தி சிரித்தாள். முகாமின் மருத்துவர் ஜெபினா மட்டும் சிரிக்கவில்லை. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, நேரே தலைவரின் அறைக்குப் போனாள்.

சென்னை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று அனுப்பிய கோடைக்காலக் குழு அது. மொத்தமே ஐந்து பேர். சூரியன் மறையாத மாதங்களில் வந்து, கப்பல் திரும்பி வந்ததும் போய்விடுவார்கள். குழுத் தலைவர் வித்யாசங்கர். அதிர்ந்து பேசாதவர். அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. அதனாலேயே ஜெபினாவுக்கு அவரிடம் கொஞ்சம் பயம்.

“சார், அந்த வரைபடம்…”

“தப்பு நடந்துபோச்சு டாக்டர்,” அவள் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. “வரைவி போட்டு வச்சிருந்த அடுத்த வருஷத்து வரைபடம். எப்படியோ இன்னிக்கு வெளிய வந்துடுச்சு.”

வரைவி என்பது முகாமின் வரைபட இயந்திரம். பனி ஓயாமல் நகரும் இடத்தில் இன்று வரைந்தது நாளைக்கு உதவாது. அதனால் அது ஓராண்டு முன்னால் போய் வரைந்துகொண்டே இருக்கும்.

“பனி எங்க உடையும்னு முன்கூட்டியே சொல்லும். சரி. பேரையுமா சொல்லும்?”

“வரைபடத்துல என்னென்ன உண்டோ எல்லாத்தையும் சொல்லும். கரை, வெடிப்பு, பாதை, பேரு. காத்து, கடல், நம்ம வண்டித் தடம், நம்ம ஜாக்கெட் அனுப்பற இதயத்துடிப்பு, எல்லாத்தையும் வாங்கிப் போட்டுத்தான் கணக்குப் பண்ணுது. இதுவரைக்கும் பெரிசா பிசகினதில்ல.”

“இங்க ஒரு இடத்துக்கு எப்போ பேரு வைப்பாங்கன்னு எனக்குத் தெரியும் சார்.”

வித்யாசங்கர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அண்டார்டிகா உடன்படிக்கையில புதுசா சேத்த விதிதானே? ஆமா. பேரில்லாத நிலத்துக்கு, அங்க அடக்கமானவரோட பேரைத்தான் வைக்கலாம். அவர் எந்த நாட்டுக்காரரோ அந்த நாட்டுக்கு, அந்த நிலத்துக்கு முன்னால இருக்கற கடல்மேல முதல் உரிமை. சும்மா கொடி நட்டுட்டு ஓடறவங்களைத் தடுக்கத்தான் கொண்டுவந்தாங்க.”

“பதினேழாம் முனைக்கு முன்னால கடலுக்கு அடியில என்ன இருக்கு?”

“அதை நான் சொல்லக் கூடாது. உங்களுக்கும் தெரியும். நாலு நாடு இந்தக் கரையைப் பாத்துக்கிட்டு நிக்குது.”

“அப்படின்னா வீரணண்ணன்…”

“அதனாலதான் முடிவு பண்ணிட்டேன். கப்பல் வர்ற வரைக்கும் அவர் வெளிய கால் வைக்கக் கூடாது. நீங்க கூடவே இருந்து பாத்துக்குங்க.”

சரியான முடிவு. நல்ல மனிதர் எடுக்கக்கூடிய முடிவு. ஆனாலும் ஜெபினாவுக்கு ஏதோ உறுத்தியது. ஒரு மனிதன் சாகப் போகிறான் என்று காலையில்தான் தெரிந்தது என்றால், முகம் இவ்வளவு பளிச்சென்று சவரம் செய்து, குரல் இவ்வளவு நிதானமாக எப்படி இருக்கும்?

சமையலறையில் தலைவரே விஷயத்தைச் சொன்னார். வீரணனின் கத்தி வெங்காயத்தின் நடுவில் நின்றது.

“அப்பிடின்னா அது பாராட்டு இல்லையா?” என்றார்.

கத்தியைக் கீழே வைத்தார். “அந்த முனைக்கு நாளைக்கு நாந்தானே சார் போகணும்? அலை அளக்குற கருவிய எடுத்தாரணுமே. விட்டா பனியோட கடலுக்குள்ள போயிரும். ரெண்டு வருசத்து வேல.”

வித்யாசங்கர் ‘நீ போ’ என்று யாரையும் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அந்தக் காத்திருப்பை ஜெபினா கவனித்தாள்.

“நான் போறேன்,” என்றாள் செவ்வந்தி.

பனி ஆராய்ச்சி அவள் படிப்பு. வீரணன் முன்பு ராணுவத்தில், லடாக்கில் வண்டி ஓட்டியவர், பிறகு இந்தப் பயணங்களுக்கு ஓட்டுநர். அப்பா கொண்டுவந்த படங்களில் பனியைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. இந்த ஆண்டு இருவருக்கும் ஒரே குழுவில் இடம்.

“ஏத்தா, நீ சும்மா கெட,” என்றார் வீரணன்.

“ஏன்? உங்க பேருதானே போட்டிருக்கு? செவ்வந்தி முனைன்னா போட்டிருக்கு? எனக்கு அங்க ஒண்ணும் ஆகாதுன்னு அந்த மெசினே சொல்லுது. நம்ம அஞ்சு பேருல அங்க போக எனக்குத்தான் பயமே இல்ல.”

“எனக்குந்தான் இல்ல,” என்றான் லூர்து. “நானும் கூடப் போறேன் அண்ணாச்சி. ஒம்ம மகள முழுசாக் கொண்டாந்து விட்டுருதேன்.”

வீரணன் யோசித்தார். யோசிக்க யோசிக்க மகள் சொல்வது நியாயமாகவே பட்டது. இடுப்பிலிருந்து வண்டிச் சாவியைக் கழற்றி அவரே அவள் கையில் கொடுத்தார். “இறக்கத்துல பிரேக்க மிதிக்காத. கியர்லயே விடு.”

“சரி,” என்றார் வித்யாசங்கர். அவ்வளவுதான் அவர் பேசியது.

மறுநாள் காலை வண்டி கிளம்பியது. அப்போதிருந்து ஜெபினா வீரணனை விட்டு நகரவில்லை. அவருக்கு வந்த தேநீரைத் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அவர் அறை ஹீட்டரின் குழாயை மோந்து பார்த்தாள். இரத்த அழுத்தம் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

“டாக்டரம்மா, நீங்க பாக்குற பார்வையிலயே எனக்கு ஏறுது,” என்றார் அவர்.

“பேசாம கையை நீட்டுங்கண்ணே.”

முனைக்குப் போகாத மனிதன் முனையில் சாக மாட்டான் என்று நிம்மதியாக இருக்க முடியவில்லை. இங்கே செத்தாலும் அங்கே கொண்டுபோய்ப் புதைக்கலாம். விதி கேட்பது அடக்கத்தைத்தான். அந்த எண்ணம் வந்ததிலிருந்து, வித்யாசங்கர் எந்தப் பக்கம் நடந்தாலும் அவள் கண் அவருடைய கைகளிலேயே இருந்தது. அவர் ஒருமுறை உள்ளே வந்து சர்க்கரை டப்பாவைத் திறந்து மூடினார். அவர் போனதும் சர்க்கரை குப்பைக்குப் போனது.

“ஏன் கொட்டுறீங்க?” என்றார் வீரணன்.

“எறும்பு.”

“இங்கன எறும்பா?”

அவரை மருந்தறைக்கே அழைத்து வந்துவிட்டாள். அங்கே ஒரு சின்னத் திரையில் எல்லாருடைய இதயத்துடிப்பும் ஓடும். முகாமைச் சுற்றி இருக்கும்வரை வெறும் வண்ணப் புள்ளிகள்தான். குன்றைத் தாண்டினால் செயற்கைக்கோள் வழியாக வரும். அப்போது புள்ளிக்குப் பக்கத்தில் பெயரும் சேர்ந்து வரும். இந்தக் கோடையில் குன்றைத் தாண்டிப் போனவர் வீரணன் ஒருவர்தான். அப்போதெல்லாம் அவள் துடிப்பைப் பார்த்தாளே தவிர எழுத்தைப் படித்ததில்லை. போயிருப்பது யார் என்று தெரிந்த பிறகு எதற்குப் படிக்க வேண்டும்?

இன்று இரண்டு புள்ளிகள். அதனால் படித்தாள்.

ஒன்று: சவரிமுத்து.

மற்றது: வீரணன். இடம்: பதினேழாம் முனை.

வீரணன் அவள் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

சவரிமுத்து யார்? லூர்துவின் அப்பா. திருச்செந்தூர்ப் பக்கம் படகு வைத்திருக்கிறார். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் என்ற கட்டத்துக்கு நம்மவர்கள் யாரிடமும் சொந்தமாக ஒன்றும் கிடையாது; அப்பா பெயரைத்தான் தூக்கிப் போடுவோம். விமான நிலையங்களில் ஜெபினாவையே ‘மிஸ் மரியநேசன்’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் தன்னை இல்லை என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறாள். வெளிநாட்டு வழக்கப்படி ஓர் இடத்துக்கு வைப்பது கடைசிப் பெயரை.

அவள் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. வீரணனும் திரையைப் பார்த்துவிட்டார்.

“என் துடிப்பு எப்பிடிங்க அங்கன…” என்று ஆரம்பித்து, நிறுத்தினார். “எம்பொண்ணு பேருக்குப் பின்னால நாந்தானே நிக்கிறேன்.”

எழுந்தபோது நாற்காலி விழுந்தது.

ஜெபினா தலைவரின் அறைக்கு ஓடினாள். “சார், செவ்வந்தியக் கூப்பிடுங்க. திரும்பி வரச் சொல்லுங்க. அந்தப் பேரு அவ பேரு.”

வித்யாசங்கர் அதிர்ச்சி அடையவில்லை. “ரேடியோவுல இப்பத்தான் சொன்னேன். திரும்பிட்டாங்க.”

திரையில் புள்ளி திரும்பியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

வெளிக்கதவருகே வீரணன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது வண்டியின் சாவி அவர் பல்லில். வித்யாசங்கர் போய்க் கதவை மறித்து நின்றார்.

“வீரணன், நீங்க வெளிய போகக் கூடாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

வீரணன் சாவியைக் கையில் எடுத்தார். “எங்கப்பா பேரு பேச்சிமுத்து சார். நான் செத்தா அது பேச்சிமுத்து முனை. உங்க மெசின் அப்பிடி ஒண்ணும் எழுதலையே. தள்ளுங்க.”

தள்ள வேண்டியிருக்கவில்லை. வித்யாசங்கரே நகர்ந்துவிட்டார்.

வண்டிச் சத்தம் தேய்ந்தது. சமையலறையில் ஜெபினாவும் தலைவரும் அந்தப் பெரிய திரையும் மட்டும். செய்ய ஒன்றுமில்லாத அந்த நேரத்தில்தான் அவளுக்கு ஒன்று தோன்றியது. வீரணன் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் எத்தனையோ தடவை போய்வந்த பாதை. அவர் போகாமல் போனதற்குக் காரணமே இந்த வரைபடம்தான்.

“வரைவி,” என்றாள். “இந்த வரைபடத்த எங்க யாருக்கும் காட்டாம இருந்திருந்தா, பதினேழாம் முனையோட பேரு என்ன?”

இயந்திரத்துக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை.

“பெயர் இல்லை.”

அவள் மெல்லத் திரும்பினாள். வரைவி இன்னும் முடிக்கவில்லை.

“இதே கேள்வி முன்பும் கேட்கப்பட்டது. அன்றைய பதிலும் இதுதான்.”

“யாரு கேட்டது?”

“குழுத் தலைவர்.”

“எப்போ?”

“குழு இங்கே வந்து இறங்கிய வாரத்தில்.”

வித்யாசங்கர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

“நான் யாரையும் தொடல டாக்டர். தள்ளிவிடல. எதையும் கலக்கல. ஒரு வரைபடத்தைக் காட்டினேன். காட்டாம இருந்தா, தெரிஞ்சும் மறைச்சிட்டாருன்னு நீங்களே சொல்லியிருப்பீங்க.”

“அது செவ்வந்தின்னு தெரியுமா உங்களுக்கு?”

“அஞ்சு பேர் பாஸ்போர்ட்டும் என் பெட்டியிலதானே இருக்கு.”

“அந்தப் புள்ள உங்களுக்கு என்ன செஞ்சுது?”

“ஒண்ணும் செய்யல. நல்ல பொண்ணு.” அவர் குரல் உடையவில்லை, ஆனால் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவுமில்லை. “கடலுக்கு அடியில இருக்கறது நம்ம கைக்கு வந்தா நூறு வருஷத்துக்கு நாம யார்கிட்டயும் கையேந்த வேண்டாம். நாம விட்டா வேற எவனாவது ஒரு சவத்தைக் கொண்டுவந்து வைப்பான். மத்த நாட்டு முகாம்ல எல்லாம் இதே மாதிரி ஒரு தலைவன் உக்காந்து, இதே மாதிரி ஒரு மெசின்கிட்ட இதே கேள்வியைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்.”

“அவனுக கேட்டுட்டுப் போகட்டும். நீங்க எங்க கூட உக்காந்து சோறு தின்னீங்களே.”

மருந்தறையில் மணி அடித்தது. ஓடினாள். ‘வீரணன்’ என்ற துடிப்பு இறங்க ஆரம்பித்திருந்தது. அதை நோக்கி, கீழேயிருந்து, மூன்றாவது புள்ளி ஒன்று விரைந்தது. பக்கத்தில் ‘பேச்சிமுத்து’ என்று இருந்தது. அது குதித்துக் குதித்து அடித்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டன. பிறகு நெடுநேரம் அசையவில்லை.

பிறகு, மூன்று புள்ளிகளும் ஒன்றாகத் திரும்பின.

செவ்வந்தியை வீரணன் தூக்கிக்கொண்டு வந்தார். கருவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு திரும்பும்போது, பனி மூடியிருந்த வெடிப்பு ஒன்று அவள் காலடியில் இறங்கிவிட்டது. இடது கால் முழங்கால்வரை கடல்நீரில். பூட்ஸ் சிக்கிக்கொண்டது. லூர்து அவள் அக்குளில் கைகொடுத்துப் பிடித்தபடியே கிடந்திருக்கிறான். வீரணன் வந்து கயிறு கட்டி வண்டியால் இழுத்த பிறகுதான் கால் வந்தது; பூட்ஸ் வரவில்லை.

“ரேடியோவுல திரும்பி வரச் சொன்னாரே?” என்று ஜெபினா லூர்துவிடம் கேட்டாள்.

“யாரு சொன்னா? ஒருத்தரும் கூப்பிடலையே டாக்டர். காத்து இரைஞ்சதுதான் கேட்டுச்சு.”

ஜெபினா கையுறை மாட்டினாள்.

உயிருக்கு ஆபத்தில்லை. பாதம் தப்பியது. இரண்டு விரல்கள் மட்டும் கறுத்துப்போயின. சில நாள் பொறுத்துப் பார்த்தாள், உயிர் திரும்பவில்லை, எடுத்துவிட்டாள். அந்த நாட்களில் எல்லாச் சாப்பாட்டையும் வீரணனே சமைத்தார். வித்யாசங்கரின் தட்டையும் அவர்தான் வைத்தார். அதைச் சாப்பிடுமுன் வித்யாசங்கர் ஒரு கணம் தயங்குவதை ஜெபினா பார்த்தாள். தயங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

விரல்களை எடுத்த அன்று மாலை வித்யாசங்கர் மருந்தறைக்கு வந்தார். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. மசாலா வைப்பது. சுத்தமாகக் கழுவியிருந்தார்.

“விதியில ‘உடல் எச்சம்’னுதான் இருக்கு டாக்டர். எவ்வளவுன்னு இல்ல.”

ஜெபினாவுக்கு அவர் சொன்னது புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும், கையிலிருந்த இடுக்கியைத் தட்டில் போட்டாள்.

“வெளிய போங்க. அது கப்பல்ல திரும்பிப் போற மருத்துவக் குப்பை. ஊர்ல எரிப்பாங்க.”

“யோசிச்சுப் பாருங்க. யாரும் சாகாமயே முடிஞ்சுபோற விஷயம்.”

“வெளிய போங்க சார்.”

“குடுத்திருங்க டாக்டர்,” என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

செவ்வந்தி விழித்துத்தான் இருந்தாள். கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்திருந்தாள்.

“மக்களே, உனக்கு மயக்கம் இன்னும் தெளியல,” என்றாள் ஜெபினா, மகளிடம் பேசுவதுபோல்.

“நல்லாத் தெளிஞ்சுதான் பேசுறேன். குடுக்கலன்னா அந்த முனை பேரில்லாமத்தானே கெடக்கும்? அடுத்த வருசம் வேற குழு வரும். அதுல எவளாவது ஒருத்தி இருப்பா. அவகிட்டயும் சார் ஒரு வரைபடத்தக் காட்டுவாரு.” அவள் வித்யாசங்கரைப் பார்க்காமலேயே சொன்னாள். “ரெண்டு விரலோட அந்தக் கணக்கு முடியட்டும்.”

ஜெபினா டப்பாவை வித்யாசங்கர் கையிலிருந்து வாங்கினாள்.

கப்பல் வருவதற்கு முன், காற்றில்லாத ஒரு நாளில், ஐந்து பேரும் முனைக்குப் போனார்கள். லூர்து ஒரு செபம் சொன்னான், எதற்கென்று தெரியாமல். வீரணன் டப்பாவைப் பாறை இடுக்கில் வைத்துக் கற்களை அடுக்கினார். மகளின் கால்விரலைத் தன் கையால் புதைக்கும் தகப்பன் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. குல்லாயைக் கழற்றிவிட்டு, மறுபடியும் போட்டுக்கொண்டார். வித்யாசங்கர் படம் எடுத்தார். பெயர் பதிவாயிற்று. அனுபவமிக்க ஓட்டுநர் ஒருவரின் சேவையைப் பாராட்டி அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் என்று ஊரில் செய்தி வந்தது. வீரணனின் மனைவி தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தாளாம். அவர் போனில் “ஆமா, ஆமா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கப்பல் அடிவானத்தில் தெரிந்த காலையில் எல்லாரும் சமையலறையில் இருந்தார்கள். மூட்டைகள் கட்டியாகிவிட்டன. திரையில் வரைபடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வித்யாசங்கர் எழுந்து போய், விரலால் அதை மெல்ல நகர்த்தினார். வீரணன் முனை ஓரத்துக்குப் போயிற்று. பதினெட்டு வந்தது. பத்தொன்பது வந்தது. இருபது. பெயரில்லாத கறுப்புப் பாறைகள், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு.

அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்த ஜெபினா எழுந்து அவர் முன்னால் கையை நீட்டினாள்.

“எங்க பாஸ்போர்ட்டக் குடுங்க சார். எல்லாருதும்.”

அவர் தயங்கவே இல்லை. பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். “தாராளமா வச்சுக்குங்க டாக்டர். எனக்கு மனப்பாடம்தான்.”

ஸ்டூல்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்த செவ்வந்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப இதையும் மனப்பாடம் பண்ணிக்குங்க சார். எனக்கு இன்னும் எட்டு விரல் இருக்கு. எங்கப்பாவுக்குப் பத்து. ஒண்ணுகூட உங்களுக்குக் கெடையாது.”

சிரித்தவர் தலைவர் ஒருவர்தான்.